பிதற்றல் நீக்கம்

ஒக்டோபர் 12, ஞாயிறு

விடிந்ததிலிருந்து பனிமூட்டம். எதிரே அப்புத்தளை ஸ்டேஷன் இருக்கிறது என்பதற்கு ரயில் சத்தம் மட்டுமே சாட்சி. கரண்ட் இரண்டு தரம் போய் வந்தது. டிவிடி ரெகார்டரில் மணி பன்னிரண்டு, பன்னிரண்டு என்று மினுக்கிக்கொண்டிருந்தது. திரும்பவும் நேரம் வைத்தேன்.

10.30 மலையக நிகழ்ச்சி. டிஸ்க் எண் 834. ஒளிபரப்பு அறுபது நிமிடம். டிஸ்க்கில் ஏறியது முப்பத்தொன்று. மிச்சம் குப்பை.

நீக்கியவை:
விளம்பரம், ஏழு தடவை. சவர்க்காரம், பால்மா, திரும்பவும் சவர்க்காரம்.
ஓர் அரசியல்வாதி தண்ணீர்த் தாங்கி திறந்துவைத்தது. தாங்கியில் தண்ணீர் இல்லை. குழாயைத் திருகிவிட்டுக் கைதட்டினார்கள்.
"சோ" என்று அறிவிப்பாளினி தொடங்கிய வாக்கியங்கள், முடிந்த மட்டும்.
தோட்டத்து லயத்து வரிசை வீடுகளின் ஆட்கள் மைக்கைக் கண்டதும் மூக்கைச் சிந்தியது.

எஞ்சியது காமன் கூத்து. சுத்தமான முப்பத்தொரு நிமிடம். பதிவேட்டில் ஏற்றினேன்: வி.நீ., பி.நீ. விளம்பர நீக்கம், பிதற்றல் நீக்கம். பதினாறு வருஷமாக இதே முறை. ரிமோட்டில் இரண்டு கோடு போட்ட பட்டன், அதன் மேல் என் கட்டைவிரல். குப்பை வந்தால் அமுக்கு, போனால் திரும்பவும் அமுக்கு. டைமர் வைத்துவிட்டுத் தூங்கப் போகிறவன் சேகரிப்பாளன் அல்ல, குப்பைக்காரன்.

டிவி நிலையத்துக்காரர்கள் தங்கள் நிகழ்ச்சியைத் தாங்களே அழித்துவிடுகிறார்களாம். வேறென்ன எதிர்பார்க்க முடியும் அவர்களிடம்.

உள்ளே ரோஸ்லின் சின்ன டிவியில் சீரியல். கதவு வழியாகக் கேட்டது: "அவ இந்த வீட்ல இருந்தா நான் இருக்க மாட்டேன்." போன மாதமும் இதையேதான் சொன்னாள் அந்தப் பெண். இன்னும் இருக்கிறாள். மனைவியிடம் சொன்னேன், இது பதியவும் லாயக்கில்லை, பார்க்கவும் லாயக்கில்லை என்று. "ஒங்கள யாரு பாக்கச் சொன்னா" என்றாள்.

முழங்கால் வலி. தைலம் தீர்ந்துவிட்டது.


ஒக்டோபர் 13, திங்கள்

பதுளைக்கு. வெற்று டிஸ்க் வாங்க. பண்டாரவளை வரை நின்றுகொண்டே.

பஸ் முழுக்கத் தலை குனிந்த ஜனம், கையில் ஃபோன். முன் சீட்டில் ஒரு பெண்: "ஆமாடி, பஸ்லதான் இருக்கேன். ஆமா, பஸ்லதான்." தெமோதரை வரைக்கும் இந்த ஒரே செய்தி. முப்பத்தொரு வருஷம் தபால் கந்தோரில் இருந்தவன் நான். அந்தக் காலத்தில் தந்திக்குச் சொல்லுக்குச் சொல் காசு. அதை எடுத்தது பெரிய தவறு.

கடைக்காரர் என்னைக் கண்டதும் சிரித்தார்.

"நாடு முழுக்க இத வாங்குறது நீங்க ஓராள்தான் ஐயா."

"அப்ப நான் செத்தா என்ன செய்வீங்க?"

"இருக்குறதே பன்னெண்டுதான். நீங்க எடுத்துட்டுப் போய்ட்டா ரெண்டு பேருக்கும் தலவலி விட்டுச்சு."

புத்திசாலி என்று நினைப்பு. யூடியூப்பில் எல்லாம் இருக்கிறதே என்றார். இருக்கட்டும், சரி, பதினொரு வருஷத்துக்கு முன் பதுளைக் கோவில் திருவிழாவில் வாசித்த நாகசுர நிகழ்ச்சியை எடுத்துக் காட்டும் என்றேன். தட்டினார். கோழிக் குழம்பு வைப்பது எப்படி என்று வந்தது. "இது நல்ல சேனல் ஐயா" என்றார்.

பன்னிரண்டும் வாங்கினேன். வாரம் ஒன்று. அதற்குப் பிறகு என்ன என்று யோசிக்கவில்லை.

தைலம் வாங்க மறந்துவிட்டேன்.


ஒக்டோபர் 15, புதன்

இரண்டு மணிக்கு மழை, கடிகாரம் வைத்த மாதிரி. மூன்று மணிக்கு ஒரு பெண் வந்தாள்.

பெயர் செல்வராணி. ஊசிப்பாறைத் தோட்டம், கீழ்க்கணக்குப் பிரிவு. பெரகல சந்தியில் அவித்த சோளம் விற்கிறவள். நாற்பது வயது இருக்கும். ரோஸ்லின் இவளிடம்தான் சோளம் வாங்குவாள். வாங்கப் போன இடத்தில் என் டிஸ்க் புராணத்தையும் அவிழ்த்துவிட்டு வந்திருக்கிறாள்.

செருப்பை மழையில் கழற்றிவிட்டு வந்தாள். உள்ளே விடம்மா என்றேன். விடவில்லை. நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். இந்த நுனியில் உட்காருகிற பழக்கம் எனக்கு ஆகவே ஆகாது. முழு நாற்காலிக்கும் நுனிக்கும் ஒரே விலைதான். என் அம்மா தோட்டத்துக் கணக்கெழுதும் கிளாக்கர் பங்களாவில் இப்படித்தான் உட்காருவாள். நான் லயத்தில் பிறந்தவன், பதினாறு வயதில் வெளியே வந்தேன். அதைப் பற்றிப் பேசுவதில்லை.

விஷயம் இது. மூன்று வருஷத்துக்கு முன் மழையில் அவர்கள் லயத்துக்குப் பின்னால் மலை வெடித்தது. பதினாலு குடும்பம். அப்போது நமது ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சிக்காரர்கள் கமராவோடு போயிருக்கிறார்கள். அப்போதிருந்த துரை, தோட்டத்து மனேஜர், மைக்குக்கு முன்னால் நின்று, லயத்தில் இருக்கிற எல்லாருக்கும் வேறு இடத்தில் வீட்டுக்காணி உண்டு, தோட்டத்தில் பெயர் பதிந்தவர்களானாலும் சரி, பதியாதவர்களானாலும் சரி என்று வாக்குக் கொடுத்தாராம். அவர் மாற்றலாகிப் போய்விட்டார். இப்போதுதான் காணி அளந்திருக்கிறார்கள். புதுத் துரையின் பட்டியலில் ஒன்பது குடும்பம். மற்ற ஐந்து குடும்பத்தில் ஒருவரும் தோட்டத்தில் வேலை செய்வதில்லை. ஒருத்தி தையல் ஃபெக்டரி, ஒருவன் கடையில், இவள் சோளம். நாலு தலைமுறையாக அதே ஒற்றை அறைக் காம்பராவில் இருந்தும் பட்டியலில் பெயர் இல்லை.

"நாங்க சொன்னா தொரை நம்ப மாட்டேங்குறாருங்க. காணி ஆசையில வாய்க்கு வந்ததச் சொல்றீங்கன்னு சொல்றாரு. அப்பிடி டிவியில சொல்லியிருந்தா கொண்டாந்து காட்டுங்குறாரு."

"டிவிக்காரங்கள கேட்டியா?"

"ஃபோன் பண்ணுனோமுங்க. பழசெல்லாம் வெக்கிறதில்லையாம்."

திங்கட்கிழமை பிரதேச செயலகத்தில் விசாரணை. அதோடு பட்டியலை முடித்துவிடுவார்கள். லயத்தை இடிக்கப் போகிறார்கள்.

"இடிச்சிட்டா எங்க போறதுன்னு தெரியலீங்க. அம்மா சொன்னாங்க, ஐயாகிட்ட எல்லாமே இருக்குன்னு."

பதிவேட்டை எடுக்கவே தேவையில்லை. மூன்று வருஷத்துக்கு முன், டிசம்பர், ஞாயிறு பத்தரை. நான் தவறவிட்ட ஞாயிறு கிடையாது.

"என்கிட்ட இல்லாதது எவன்கிட்டயும் இல்ல" என்றேன்.

"இருக்குங்களா?"

"இருக்கு."

திருப்தியாக இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். கொழும்பில் இத்தனை பெரிய கட்டடத்தை வைத்துக்கொண்டு இருக்கிறார்கள், அவர்களிடம் இல்லை. அப்புத்தளையில் ஒரு பென்ஷன்காரனிடம் இருக்கிறது. அவள் அழ ஆரம்பித்தாள். எனக்குப் பார்க்கப் பிடிக்கவில்லை. தேத்தண்ணி போடச் சொல்லும் சாக்கில் எழுந்து குசினிக்குப் போய்விட்டேன்.


ஒக்டோபர் 16, வியாழன்

தேடல். பிஸ்கட் டின் 22 முதல் 31 வரை. டின் ஒன்றுக்கு இருபத்தைந்து டிஸ்க்.

இந்த ஊர் ஈரம் எதையும் விட்டுவைப்பதில்லை. 640, 641 இரண்டிலும் பூஞ்சணம். ஒரு பட்டிமன்றமும் ஒரு பரதநாட்டிய அரங்கேற்றமும் போச்சு. அரங்கேற்றம் போனது நல்லதே. அந்தப் பெண் ஆடியதைப் பூஞ்சணம் கூடக் கொஞ்சம் திருத்தியிருக்கும்.

687 கிடைத்தது. மேலே என் எழுத்தில் "ஊசிப்பாறை, மண்வெடிப்பு". கண்ணாடி மாதிரி இருக்கிறது, ஒரு கீறல் இல்லை. போட்டுப் பார்க்கலாம் என்று உட்கார்ந்ததும் இடி. ஊரே ப்ளக்கைப் பிடுங்குகிற நேரம், நானும் பிடுங்கினேன். ஆறு மணி வரை விடவில்லை.

செல்வராணிக்கு ஃபோன். "கிடைச்சிருச்சு" என்றேன். அவள் ஃபோனை வாயிலிருந்து எடுக்காமலே யாருக்கோ கத்தினாள்: "ஐயாகிட்ட இருக்காம், இருக்காம்." பின்னால் ஒரே சத்தம், நாலைந்து பேர், ஒரு குழந்தை, ஒரு நாய். காது வலித்தது. இவர்களுக்கு மெல்லப் பேசவே வராது.

இரண்டாவது கோப்பைத் தேத்தண்ணி கேட்டேன். ரோஸ்லின் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "என்ன, பாட்டெல்லாம் வருது" என்றாள். முனகியிருக்கிறேன் போல.


ஒக்டோபர் 17, வெள்ளி

வெயில். 687ஐப் போட்டேன். ரோஸ்லின் சந்தைக்குப் போயிருந்தாள்.

லயம். பின்னால் மண்மேடு, அதில் கை நுழைகிற வெடிப்பு. அறிவிப்பாளினி வெடிப்பில் குடையை விட்டுக் காட்டுகிறாள். மக்கள் கூட்டம். துரை, வெள்ளைத் தொப்பி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு. ஐந்தாவது நிமிடம், கூட்டத்திலிருந்து சிவப்பு ஸ்வெட்டர் போட்ட ஒரு பெண் முன்னால் வருகிறாள். மைக்கை அவள் முகத்துக்கு நேரே நீட்டுகிறார்கள். வாயைத் திறக்கிறாள்.

பள்ளிக்கூடப் பிள்ளைகள் கும்மி அடிக்கிறார்கள்.

திருப்பிப் போட்டேன். வாயைத் திறக்கிறாள், கும்மி. திரும்பவும். ஆறு தடவை பார்த்தேன், ஏதோ ஏழாவது தடவை வேறு மாதிரி வந்துவிடும் என்பது போல.

பதிவேடு. 687. 24 நி. வி.நீ. பி.நீ. 9 நி.

ஒன்பது நிமிடம். என் கையெழுத்து. முத்து முத்தாக இருக்கிறது.

நினைவிருக்கிறது. கையில் தேத்தண்ணி. அவள் வாய் திறந்ததும் "ஆரம்பிச்சிட்டாங்க" என்றேன், அமுக்கினேன். சிவப்பு ஸ்வெட்டர் செல்வராணிதான். அன்றைக்கு மெலிந்திருந்தாள். அவள் பேசினாள், வேறு யார் யாரோ பேசினார்கள், துரை பதில் சொன்னார். எல்லாம் திரையில் ஓடியது, டிஸ்க்கில் மட்டும் ஏறவில்லை. கும்மி வந்ததும் திரும்பவும் அமுக்கினேன். கும்மி கலை அல்லவா.

ஏன் அமுக்கினேன் என்று எழுதிவிடுகிறேன், இதை யாரும் படிக்கப் போவதில்லை. வெட்கம். அந்தக் குரலை நாடு முழுக்கக் கேட்கிறதே என்ற வெட்கம். கும்பிட்டுக்கொண்டு, சாமி, தொரை என்று இழுத்துக்கொண்டு. எங்கள் வீட்டுக் குரல் அது. அதைக் கேட்கக் கூடாது என்றுதான் நான் படித்தேன், பரீட்சை எழுதினேன், டவுனில் வீடு கட்டினேன். அப்படியிருக்க அது ஞாயிற்றுக்கிழமை பத்தரைக்கு என் ஹோலுக்குள் வந்து நின்றால்.

டிஸ்க்கை உறையில் போட்டு மூடிவைத்தேன்.

மத்தியானம் கத்தரிக்காயில் உப்பில்லை என்று ரோஸ்லினிடம் சண்டை. உப்பு இருந்தது.


ஒக்டோபர் 18, சனி

பெரகலைக்குப் போனேன். வழியெல்லாம் வசனம் தயார் பண்ணிக்கொண்டே.

சந்தியில் கொழும்பு பஸ்கள் நிற்கின்றன, ஆட்கள் இறங்கி உடம்பை முறிக்கிறார்கள், சோளம் தின்கிறார்கள், மட்டையை ரோட்டில் வீசுகிறார்கள். நாகரிகமான ஜனம். செல்வராணி என்னைக் கண்டதும் அடுப்பை விட்டு ஓடி வந்தாள். பக்கத்துக் கடையில் ஒரு ஸ்டூல் கேட்டு வாங்கி, முந்தானையால் துடைத்துப் போட்டாள்.

"அந்த டிஸ்க் பூஞ்சணம் பிடிச்சிருக்கு. ஓடல" என்றேன்.

பானையில் சோளம் கொதித்துப் பொங்கியது, அவள் அதைக் கவனிக்கவில்லை. பிறகு கேட்டாள்.

"மத்ததெல்லாம் நல்லா இருக்குங்களா ஐயா?"

"எது?"

"ஒங்க சீடியெல்லாம். அத்தன வருசமா சேத்து வெச்சதுன்னு அம்மா சொல்லுவாங்களே. எல்லாத்துலயும் புடிச்சிருச்சோ என்னமோன்னு கேட்டேன்."

வீடு போகப் போகிறவள் என் டிஸ்க்குகளுக்கு வருத்தப்படுகிறாள். மற்றது நன்றாக இருக்கிறது என்றேன். "அது போதும்" என்றாள். நாலு சோளத்தைப் பேப்பரில் சுற்றிக் கையில் திணித்தாள். பணம் வாங்கவில்லை. திங்கட்கிழமை என்ன செய்வாய் என்றேன். "போய் நிப்போமுங்க. வாயால சொல்லிப் பாப்போம்."

திரும்பி வரும் பஸ்ஸில் சோளம் மடியைச் சுட்டது. எடுத்துப் பையில் போட்டிருக்கலாம். போடவில்லை. இந்தப் புத்தகத்தில் பதினாறு வருஷமாக முட்டாள்களையும் அற்பர்களையும் பற்றி எழுதிவருகிறேன். இன்றைய அற்பனுக்கு விலாசம் இதே வீடு.


ஒக்டோபர் 19, ஞாயிறு

ரோஸ்லின் தேவாலயத்தில் பூசை முடிந்து வந்தாள், கையில் குடை, முகத்தில் இடி. பஸ் தரிப்பில் செல்வராணியைப் பார்த்திருக்கிறாள்.

"687லயா பூஞ்சணம்?"

"ஆமா."

"நேத்து நீங்க போனப்பறம் டின்னத் தொடச்சேன். அது பளபளன்னு இருக்கு."

பதினைந்து நிமிடம் மழுப்பினேன். பிறகு சொன்னேன். பி.நீ. ஒன்பது நிமிடம் என்றேன். அவளுக்குப் புரியவில்லை. பதினாறு வருஷமாக அந்த எழுத்துகளைப் பார்க்கிறாள், என்னவென்று கேட்டதே இல்லை. விளக்கினேன்.

"பிதற்றல்" என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். கன்னத்தில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். திட்டுவாள் என்று இருந்தேன். திட்டவில்லை.

பிறகு சொன்னாள்: "அந்தத் தொரை சொன்னது ஒங்களுக்குத் தெரியுமே."

"எனக்கு எப்பிடித் தெரியும்?"

"நீங்கதானே ஒரு கிழம முழுக்க அந்தாளு மாதிரி பேசிக் காட்டுனீங்க. சோறு போடச் சொன்னாக் கூட அந்தக் கொரல்லதான். இருமலோட. அருள் ஃபோன் எடுத்தப்ப அவனுக்கும் பேசிக் காட்டி ரெண்டு பேரும் சிரிச்சீங்க."

அருள் எங்கள் மூத்தவன், குவைத்தில். ரெகார்டர் அவன் அனுப்பியதுதான்.

அவள் சொன்னதும் வந்துவிட்டது. முழுதாக. துரை சிங்களவர், அவருடைய தமிழ் ஒரு தனி ரகம். அதைக் கேட்டுவிட்டு எனக்கு ஒரே கொண்டாட்டம். அந்த இழுவை, இடையில் அந்த இருமல், கடைசியில் தொப்பியைக் கழற்றி மாட்டியது. சொல்லுக்குச் சொல் இருக்கிறது. பதியத் தகுதியில்லை என்று ஒதுக்கிவிட்டு, கேலி பண்ண மட்டும் மனப்பாடம் பண்ணிவைத்திருக்கிறேன்.

"நாளைக்குப் போய்ச் சொல்லுங்க" என்றாள்.

"டிஸ்க் எங்கன்னு கேப்பாங்க."

"கேக்கட்டும்."

"பூஞ்சணம்னு சொல்லிக்கிறேன்."

எழுந்து குசினிக்குப் போனாள். மணி பார்த்தேன், பதினொன்றே முக்கால். பத்தரை நிகழ்ச்சி போய்விட்டது. பதினாறு வருஷத்தில் முதல் ஞாயிறு. 835 என்று எண் போட்ட டிஸ்க் வெறுமையாகக் கிடக்கிறது.


ஒக்டோபர் 20, திங்கள்

தூறல். கோட்டுப் போட்டுக்கொண்டு போனேன். பென்ஷன் விழாவுக்குத் தைத்தது, வயிற்றில் பிடிக்கிறது.

செயலகத்தில் நீள மேசை. அதிகாரி ஒரு சிங்களப் பெண். தமிழ் நன்றாகப் பேசினார், இங்கிருக்கிற அறிவிப்பாளினிகளை விடவும் நன்றாக. ஒரு பக்கம் புதுத் துரை, இளைஞர், சப்பாத்தில் மண்ணே இல்லை. அவருக்குப் பக்கத்தில் தோட்டத்துக் கிளாக்கர். மறுபக்கம் ஐந்து குடும்பத்து ஆட்கள், எல்லாரும் நாற்காலி நுனியில்.

செல்வராணி எழுந்து நடந்ததைச் சொன்னாள். புதுத் துரை: "இவங்களுக்குக் காணி வேணும், அதனால சொல்றாங்க. வெளியாள் யாராவது சாட்சி இருக்கா?"

எழுந்தேன். பெயர், தபால் கந்தோரில் முப்பத்தொரு வருஷம், நிகழ்ச்சியைப் பார்த்தவன், பதிந்தவன். அதிகாரிக்கு மகிழ்ச்சி.

"டிஸ்க் பழுதுன்னு இந்தம்மா சொன்னாங்க. பரவாயில்ல, தாங்க. எங்க கொம்பியூட்டர் ஆள் கெட்டிக்காரர். பூஞ்சணத்தக் கழுவி எடுத்துருவார்."

இதை நான் எதிர்பார்க்கவில்லை. டிஸ்க் பையில் இருந்தது. கொடுத்தால் கும்மி வரும்.

"எடுக்கறதுக்கு அதுல ஒண்ணும் இல்ல மிஸ்."

"ஏன்?"

"பூஞ்சணம் இல்ல. நான்தான் பதியல. இவங்க பேச ஆரம்பிச்சதும் நிறுத்திட்டேன்."

"ஏன் நிறுத்தினீங்க?"

ரோஸ்லின் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று தோன்றியது.

"இவங்க பேசுறத வெச்சுக்கிறதுக்கு என்ன இருக்குன்னு நெனச்சேன்" என்றேன்.

கிளாக்கர் பேனையைத் திறந்து மூடினார். நான் அந்த ஐந்து குடும்பம் இருந்த பக்கம் பார்க்கவில்லை.

"ஆனா டிவிய நிறுத்தல. தொரை சொன்னது எனக்கு அப்பிடியே தெரியும்." சொன்னேன், என் தமிழில், ஒழுங்காக. எடுபடவில்லை, எனக்கே தெரிந்தது. புதுத் துரை தோளைக் குலுக்கினார். "அப்படி யாரும் சொல்லலாம்."

கோபம் வந்துவிட்டது. கையைப் பின்னால் கட்டினேன். தலையைச் சாய்த்தேன். இருமினேன்.

"அப்போ பாருங்க. பேர் இருக்கிற ஆளுக்கும் குடுக்கிறது. பேர் இல்லாத ஆளுக்கும் குடுக்கிறது. மலை விழுந்தா, பேர் பாத்தா விழுகிறது?" இருமல். இல்லாத தொப்பியைக் கழற்றி மாட்டினேன்.

முதலில் சிரித்தது கிளாக்கர். அவர் பழைய துரையிடம் ஆறு வருஷம் இருந்தவர். வாயைப் பொத்திக்கொண்டார், முடியவில்லை. அப்புறம் எல்லாரும். அதிகாரி சிரிக்காமல் கிளாக்கரிடம் பழைய துரையின் நம்பரை வாங்கினார். ஸ்பீக்கரில் போட்டுப் பேசினார். அந்த மனிதர் இப்போது வேறு மாவட்டத்தில். எனக்கு ஞாபகமில்லையே மிஸ், எத்தனையோ கூட்டத்தில் பேசியிருப்பேன் என்றார். அதிகாரி ஃபோனை என் பக்கம் தள்ளினார்.

அந்த ஆளிடமே அந்த ஆளாக. சொன்னேன், இருமலோடு.

ஃபோனில் சிரிப்பு, சிரிப்புக்குப் பின்னால் இருமல், அசல் இருமல். "அது நான்தான். என் தமிழ் அப்படித்தான். சொன்னது சொன்னதுதான், எழுதிக்குங்க." மிச்சத்தைச் சிங்களத்தில் அதிகாரியிடம் சொன்னார். அவர் எழுதிக்கொண்டே இருந்தார்.

ஐந்து பெயரும் பட்டியலில். கிளாக்கர் எழுத, அதிகாரி கையெழுத்து, பக்கத்தில் முத்திரை. புதுத் துரை கையெழுத்துப் போடும்போது என்னைப் பார்த்த பார்வை. நான் அதைவிட நல்ல பார்வையாகப் பார்த்தேன்.

வெளியே ஆளுக்காள் என் கையைப் பிடித்தார்கள். ஒரு கிழவர் காலில் விழப் பார்த்தார், அதட்டி நிறுத்தினேன். செல்வராணி மட்டும் கிட்ட வரவில்லை. மற்றவர்கள் போகட்டும் என்று பஸ் தரிப்பில் காத்திருந்தாள்.

"கோவமாம்மா?" என்றேன்.

"இல்லீங்க. காணி கெடச்சிருச்சு, என்ன கோவம்." பஸ் வருகிறதா என்று ரோட்டைப் பார்த்தாள். "நான் அந்த புரோகிராம பாக்கவே இல்லீங்க ஐயா. அப்ப எங்களையெல்லாம் ஸ்கூல் மண்டபத்துல போட்டிருந்தாங்க, டிவி இல்ல. மைக்க நீட்டுன பயத்துல என்னா பேசுனேன்னு எனக்கே தெரியாது. பேசி முடிச்சுப் பாத்தா தொரை கண்ணத் தொடைக்கிறாரு. அப்பறந்தான் அவரு அப்பிடிச் சொன்னாரு."

"ம்."

"தொரை பேசுனத அப்பிடியே சொன்னீங்கல்ல. நான் பேசுனதையும் சொல்லுங்களேன். கேக்கணும்னு ரொம்ப நாளா ஆச."

யோசித்தேன். அவசரப்படாமல் நன்றாகவே யோசித்தேன். துரையின் இருமல் எத்தனை என்று கூட இருக்கிறது.

"ஞாபகம் இல்லம்மா."

"கொஞ்சம் கூடவா?"

"ஒரு சொல்லுக் கூட இல்ல."

தலையாட்டினாள். ஹல்துமுல்லை பஸ் வந்தது, ஏறிவிட்டாள்.

நான்கு நிமிடமாவது பேசியிருப்பாள். நான் டிவிக்கு முன்னால்தான் உட்கார்ந்திருந்தேன்.